சாமுராயின் கவசமும் பட்டவராயன் செருப்பும்

மிகுபுனைவு எழுத வரும் நம் இளைஞர்களிடையே சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. கற்பனை நாடு ஒன்றைப் படைக்க வேண்டுமானால் வீரனுக்குச் சாமுராய் என்றும், ஆசிரியனுக்குச் சென்சேய் என்றும், நிலத்தலைவனுக்கு டைம்யோ என்றும், தெய்வத்துக்குக் காமி என்றும், வாளுக்குக் கட்டானா என்றும் பெயரிட்டுவிடுகிறார்கள்; பாதி வேலை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். மீதிப் பாதியைப் பனியும் மூங்கிலும் பார்த்துக்கொள்கின்றன. இவ்வழக்கம் பிழையானது என்பது எங்கள் துணிபு. ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் காரணத்துக்காக நாங்கள் இதை எதிர்க்கவில்லை.

இந்த மோகத்துக்குப் பெரிதும் வழிகோலியவை பாத்திரமேற்று ஆடும் கதையாட்டங்கள். அறியாதோர்க்கு ஒரு சொல்: ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வார்கள். ஒருவர் கதைசொல்லி; ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம். வீரன், மருத்துவன், திருடன், மந்திரவாதி என்று வேடம் பூண்டு, பகடை உருட்டி, வாய்மொழியாகவே ஒரு கதையை நடத்திச் செல்வார்கள். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. கணினித் திரையில் ஆடப்படுபவை அதன் வழித்தோன்றல்கள். 13ஆம் நூற்றாண்டு மங்கோலியப் படையெடுப்பைக் களமாகக் கொண்ட 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' 2020இல் வந்தது. 2025இல் 'டீமன் ஸ்லேயர்' திரைப்படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கே வந்துவிட்டது. ஆகவே இச்சொற்கள் நம் பிள்ளைகளின் காதுக்குப் புதியவை அல்ல. பல சமயம் அவர்களுடைய பாட்டன் வழங்கிய சொற்களைவிடப் பழகியவை.

எங்கள் வாசகர் வட்டத்துக்கு இளம் நண்பர் ஒருவர் தாம் உருவாக்கிய கற்பனை நாட்டின் கையேட்டைப் படிக்கத் தந்தார். அவருக்கு ஊர் மணிமுத்தாறு. கையேட்டில் ஒரு மேற்கு மலை, அதில் ஓர் அருவி, அருவிக்குக் கீழே பெரிய நீர்த்தேக்கம், மலைமேல் தேயிலைக் காடு, காட்டில் புலி. இதைப் படித்த எங்களுக்கு எந்த மலை, எந்த அருவி என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனால் மலைக்குப் பெயர் குரோயமா, ஆற்றுக்குப் பெயர் தமகவா. ஜப்பானிய மொழியில் 'தமா' என்பது மணி. 'கவா' என்பது ஆறு. சொந்த ஊரின் பெயரை அகராதி பார்த்துப் பெயர்த்துவைத்துவிட்டு, அதைப் புதிய உலகம் என்று நம்பியிருக்கிறார். நண்பர் திறமையானவர், உழைப்பாளி. ஆகவே இதை ஒருவருடைய குறையாக அன்றி ஒரு தலைமுறையின் பழக்கமாகவே கருதி எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பிறமொழிச் சொல் நுழைந்தால் தமிழ் தீட்டுப்பட்டுவிடும் என்று கருதுவோர் கூட்டத்தில் நாங்கள் இல்லை. ஜப்பானிடம் நாம் கடன் வாங்குவது இது முதன்முறையும் அன்று. 1916இலேயே பாரதி ஜப்பானியக் கவிதையைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதினார். பின்னர் ஐக்கூ தமிழில் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. அந்தக் கடனால் நமக்கு நன்மையே விளைந்தது. ஆனால் அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய ஐக்கூவின் உயிர் மூன்று வரியில் இல்லை. கிகோ எனப்படும் பருவச் சொல்லில் இருக்கிறது. ஒரு தவளையோ ஒரு பூவோ வந்தால் அது எந்தப் பருவம், அப்பருவத்தில் மனிதன் என்ன செய்துகொண்டிருப்பான் என்பதெல்லாம் வாசகனுக்கு விளங்கிவிடும். அச்சொற்களைத் தொகுத்த சைஜிகி என்னும் நூல்களே அங்கு உண்டு. நாம் மூன்று வரியைக் கொண்டுவந்தோம். பருவச் சொல்லைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம். விளைவாக, வரி மடித்த துணுக்குகள் ஆயிரக்கணக்கில் ஐக்கூ என்று உலவின. ஒரு சொல்லை அதன் உறவுகளிலிருந்து அறுத்து எடுத்துவந்தால் கையில் மிஞ்சுவது ஓசை மட்டுமே. மிகுபுனைவிலும் இப்போது இதுவே நிகழ்கிறது.

சாமுராய் என்ற சொல்லின் வேர், பணிந்து ஏவல் செய்தல் என்ற பொருளுடையது. அதைச் சொன்னவுடன் எசமானன் ஒருவன் இருந்தாக வேண்டும். நெல்லாக அளக்கப்படும் ஊதியம் இருந்தாக வேண்டும். அந்நெல்லை விளைவித்து வரியாகக் கொடுத்த குடியானவன் இருந்தாக வேண்டும். ரோனின் என்பது அலைபோல் அலைபவன். எசமானனை இழந்ததால் சோற்றையும் இழந்தவன். இவை உறவுகளின் பெயர்கள், கடன்களின் பெயர்கள். நம் இளைஞர்களின் நாடுகளிலோ சாமுராய் உண்டு, அவனுக்கு அளக்கப்படும் நெல் இல்லை. ரோனின் உண்டு, அவனுக்குப் பசி இல்லை. கறுப்பு அங்கியும் நீண்ட மௌனமும் மட்டும் இருக்கின்றன.

இந்தத் தவறு நம்முடையது மட்டுமன்று. 1985இல் அமெரிக்கர்கள் 'ஓரியண்டல் அட்வென்சர்ஸ்' என்ற விதிநூலை வெளியிட்டார்கள். அதில் சாமுராயும் நிஞ்ஜாவும் சோஹெய் என்ற போர்த்துறவியும் சீனப் பெயர் தாங்கிய மந்திரவாதியும், போதாக்குறைக்குச் சூதாட்டக் கும்பலான யாக்குசாவும் ஒரே பந்தியில் அமர்த்தப்பட்டனர். கிழக்கு என்றால் எல்லாம் ஒரே கிழக்குத்தானே! ஜப்பானியரும் இதற்குச் சளைத்தவர்கள் அல்லர். 1986இல் அங்கு ஓர் இதழில் ஆட்டப் பதிவாகத் தொடங்கிய 'ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்' முழுக்க முழுக்க ஐரோப்பிய வாடை வீசும் தீவில் எல்ஃபுகளோடும் டிராகன்களோடும் நடப்பது. நம் 'முத்து' படத்தை 1998இல் ஜப்பானில் திரையிட்டபோது அதன் பெயரோடு 'ஆடும் மகாராஜா' என்று ஒட்டவைத்தார்கள். அப்படத்தில் ஜமீன் உண்டு, வேலைக்காரன் உண்டு. மகாராஜா எங்கிருந்து வந்தார்? தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு ஜமீனும் மகாராஜாவும் ஒன்றே. அவர்கள் நம்மை எப்படிப் பார்த்தார்களோ அப்படியே நாம் அவர்களைப் பார்க்கிறோம். இரு பக்கமும் கணக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லி அமைதியடைய எங்களால் இயலவில்லை.

இவ்வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் மூன்று. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வாதம், தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்பது. சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் இவ்வுறவை நிறுவப் பல்லாண்டு உழைத்தார். தமிழறிஞர்களோடு சேர்ந்து ஆய்ந்தார். அவர் உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் மொழியியலாளர் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும்கூட, உறவினர் வீட்டுப் பாத்திரம் என்பதற்காக அதில் என்ன சமைப்பது என்று தெரியாமலே தூக்கிவருவது முறையாகாது.

இரண்டாம் வாதம், தமிழ்ப் பெயர் வைத்தால் சரித்திரத் தொடர்கதை போல ஒலிக்கிறது, மாயம் பிறக்கவில்லை என்பது. இவ்வாறு சொல்பவர்கள் தமிழ்ப் பெயர் என்றால் வர்மன், தேவன், நாச்சியார் என்பவற்றை மட்டுமே அறிந்தவர்கள். சொந்த ஊர் வரைபடத்தை விரித்துப் பார்த்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள். மணிமுத்தாறு அணையிலிருந்து மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. குதிரைவெட்டி! எந்தக் குதிரை, யார் வெட்டினார், ஏன்? ஒரு பெயரிலேயே ஒரு நாவலின் முதல் அத்தியாயம் கிடக்கிறது. மலையிறங்கித் தாமிரபரணிக்கு வந்தால் அணைக்கட்டுகளின் பெயர்கள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன். ஆற்றை உண்பது என்று பொருள்படும்படி ஓர் அணைக்கட்டுக்குப் பெயர் வழங்கும் மண்ணில் பிறந்தவர் மாயம் பிறக்கவில்லை என்று குறைப்படுகிறார்.

மூன்றாம் வாதம்தான் வலிமையானது. அதைப் பலர் வெளியே சொல்வதில்லை. அந்த மணிமுத்தாற்று நண்பர் துணிந்து சொன்னார். "நம் சொல் எதை எடுத்தாலும் யாரோ ஒருவருடைய சாதி அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. வீரன் என்று ஒரு பட்டப்பெயர் வைத்தால் ஒரு தரப்பு கொண்டாடும், மறு தரப்பு முகம் சுளிக்கும். சாமுராய் என்றால் யாருக்கும் வலிக்காது" என்றார். இவ்வாதத்தை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. நெல்லைச் சீமையில் வாழ்வோர்க்கு இதன் உண்மை தெரியும். சுவரொட்டியில் ஒரு வாளின் படம் போட்டாலே அது யாருடைய வாள் என்று கேட்கும் ஊர்கள் இங்கு உண்டு.

ஆனால் 'யாருக்கும் வலிக்காது' என்பது எவ்வளவு தூரம் மெய்? சாமுராயின் கவசத்தில் இரும்போடு தோலும் இருந்தது. அத்தோலை உரித்தவர், பதனிட்டவர், தைத்தவர் யார்? தீண்டத்தகாதோராகத் தனிக் குடியிருப்புகளில் ஒதுக்கப்பட்ட மக்கள்தாம். அவர்களைக் குறித்த பழைய சொல்லுக்கு அழுக்கு மிகுந்தோர் என்ற பொருளுள்ள எழுத்துகளை இட்டு எழுதினார்கள். 1871இல் அரசு அந்த இழிபெயரைச் சட்டப்படி ஒழித்தது; 1876இல் சாமுராய் வாள் தரிக்கும் உரிமையையும் பறித்தது. வாள் போய்விட்டது, இழிவு போகவில்லை. 1922இல் அம்மக்கள் தமக்கென ஓர் இயக்கம் கண்டு உரிமைக்குப் போராட வேண்டியிருந்தது. ஆக, சாதி ஒட்டாத சொல் என்று நாம் கடல் கடந்து போய் எடுத்துவந்தது, நம்முடையதைப் போலவே தோல் தொழிலாளியைச் சேரிக்குத் தள்ளிய ஓர் ஏணியின் மேற்படியைத்தான். கீழ்ப்படிகள் நம் கண்ணில் படவில்லை, அதனால் வலிக்கவில்லை.

அமெரிக்காவில் 1995இல் சீட்டாட்டமாகத் தொடங்கி 1997இல் பாத்திரமேற்கும் ஆட்டமாக வளர்ந்த 'லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்' என்ற ஆட்டத்தின் ரொக்குகான் நாட்டிலும் அவ்விழிகுலம் உண்டு. ஆனால் ஆடுபவன் ஏற்பது சாமுராய்ப் பாத்திரம். தோல் தொழிலாளி பின்னணித் திரையில் வரையப்பட்ட ஓவியம். ஏற்றத்தாழ்வை அதன் இன்பத்தோடு மட்டும் நுகர்வதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை.

மணிமுத்தாற்று மலைக்கே வருவோம். அம்மலையில் 8,373 ஏக்கர் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனால் பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. கூலிக்கு வந்தவர்கள் காட்டைத் திருத்தித் தேயிலை வளர்த்தார்கள். 1999 ஜூலை 23 அன்று அத்தோட்டத் தொழிலாளர்க்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணி ஆற்றங்கரையில் 17 உயிர்கள் போயின. 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை இறங்கச் சொன்னது. தலைமுறைகளாக அம்மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அடிவாரத்துக்கு வர நேர்ந்தது. இனி கேளுங்கள்: ஜமீன், குத்தகை, கங்காணி, லயம், துரை, கூலி. இச்சொற்கள் வலிக்கும் சொற்கள். இவற்றில் நெல்லும் கடனும் பசியும் இரத்தமும் இருக்கின்றன. நண்பருடைய நாட்டில் அதே மலையில் அதே தேயிலை வளர்கிறது. அதைப் பறிப்பவர் ஒருவரும் கையேட்டில் இல்லை. டைம்யோ என்று எழுதியவுடன் பறிப்பவர்கள் மறைந்துபோனார்கள். எங்கள் குற்றச்சாட்டின் சாரம் இதுதான்: அயற்சொல் இங்கே அழகுக்காக வரவில்லை, ஆட்களை மறைக்கும் திரையாக வந்திருக்கிறது.

அப்படியானால் சாமுராயை அடித்துவிட்டு அவ்விடத்தில் ஒரு தூய தமிழ்ப் பட்டத்தை எழுதிவிட்டால் போதுமா? போதாது. அதையும் சிலர் செய்து பார்க்கிறார்கள். கட்டானா போய் 'வெற்றிவாள்' வருகிறது, டைம்யோ போய் 'பெருநிலக்கோன்' வருகிறான். மறைந்தவர்கள் மறைந்தவர்களாகவே இருக்கிறார்கள். போதாததற்கு, அந்தக் கோனுக்கு உரிமை கொண்டாட ஒரு சங்கமும் கிளம்பிவிடுகிறது. ஓசையை மாற்றுவதால் ஒன்றும் மாறாது. வலிக்காத ஜப்பானியமும் பெருமையடிக்கும் தமிழும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். இரண்டிலும் ஏணியின் மேற்படி மட்டுமே தெரிகிறது.

வழி எங்கே இருக்கிறது? அதே மலையில், வெகு அருகில் இருக்கிறது. காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு அங்கே கூடும் கூட்டத்தை நெல்லையில் அறியாதார் இல்லை. அக்கோயிலில் பட்டவராயன் என்று ஒரு தெய்வம். முத்துப்பட்டன் என்ற பெயரில் அவர் கதையை வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள், பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். பிராமணனாகப் பிறந்த பட்டன், உடன்பிறந்தாரோடு பிணங்கி வெளியேறி, வேற்றரசனிடம் பணிசெய்து, திரும்பும் வழியில் இந்த மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களைக் காண்கிறான். அவர்கள் தோல் தொழில் செய்யும் குலத்தவர். தந்தை நிபந்தனை விதிக்கிறார்: பூணூலை அறு, குடுமியைக் களை, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள். பட்டன் அப்படியே செய்கிறான். மாமனாரின் பொறுப்பில் இருந்த மாடுகளைக் கள்வர் கவர வந்தபோது போரிட்டு மாண்டுபோகிறான். இன்றும் அவனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கொண்டுவந்து செலுத்துகிறார்கள். தெய்வம் இரவில் அதை அணிந்து காட்டில் நடப்பதால் அது தேய்கிறது என்பது மக்கள் நம்பிக்கை.

வாசகர்கள் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். எசமானனை விட்டு வந்த வீரன், மலைக்காடு, இரவுச் சண்டை, வஞ்சகச் சாவு, நடமாடும் தெய்வம். ரோனின் கதையில் நம் இளைஞர்கள் தேடுவது எதுவோ அது முழுவதும் இங்கே உண்டு. கூடுதலாக, ரோனின் கதைகளில் காணாத ஒன்றும் உண்டு: வீரனே கீழிறங்கி வந்து தோலைத் தைக்கிறான். ஏணி முழுதும் கண்ணில் படுகிறது. வலிக்கிறதா? வலிக்கத்தான் செய்கிறது. கதையின் பிற்காலப் பாடங்களில் அப்பெண்கள் உண்மையில் பிராமணப் பிறப்பினர் என்று மாற்றிவைத்ததை வானமாமலை எடுத்துக்காட்டியிருக்கிறார். வலியை மறைக்க அன்றே ஒருவர் திரை போட முயன்றிருக்கிறார். செருப்புக் காணிக்கையோ திரைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது.

சொற்களுக்கும் பஞ்சமில்லை. சென்சேய் என்றால் முன்பிறந்தவர் என்று பொருள். நெல்லைப் பகுதியில் கணியான் கூத்தின் தலைமைப் பாடகரை அண்ணாவி என்பார்கள். அண்ணனோடு உறவுடைய சொல் அது. முன்பிறந்தவனே ஆசான் என்ற அதே கருத்தை நம் மண்ணும் கண்டிருக்கிறது. பொதிகை மலையின் காணிக்கார மக்களிடம் மூட்டுக்காணி என்று தலைவரும், விளிக்காணி என்று செய்தி சொல்பவரும், பிலாத்தி என்று மருத்துவமும் மந்திரமும் அறிந்தவரும் உண்டு. ஓர் ஆட்டத்தின் பாத்திர வரிசைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இங்கும் எச்சரிக்கை தேவை. இம்மலையின் கேரளப் பக்கத்தில் காணி மக்கள் 1987இல் ஆய்வாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைக் காட்டினார்கள்; அதிலிருந்து செய்த மருந்தின் வருவாயில் அவர்களுக்கும் பங்குண்டு என்ற ஏற்பாடு பின்னர் உருவாயிற்று. மூலிகைக்கு உள்ள நீதி சொல்லுக்கும் உண்டு. அம்மக்களிடம் கேட்டு, அவர்கள் வாழ்வை அறிந்து எடுப்பது வேறு. 1985இன் அமெரிக்கர்களைப் போல அள்ளிக்கொண்டு போவது வேறு.

உலகம் படைக்கும் முறையையும் நாம் வெளியே தேட வேண்டியதில்லை. ஒரு நிலத்தை வரைய வேண்டுமானால் அதன் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைச் சொல் என்று தொல்காப்பியம் கருப்பொருளை வகுத்துக் காட்டுகிறது. இன்றைய ஆட்டக் கையேடுகளின் பொருளடக்கமும் ஏறத்தாழ இதுவே. இப்பட்டியலில் தொழில் இருப்பதைக் கவனியுங்கள். நண்பருடைய கையேட்டில் தெய்வம் உண்டு, விலங்கு உண்டு, மரம் உண்டு. விடுபட்டது தொழில் ஒன்றுதான். பொதிகையில் தொடங்கி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடையும் தாமிரபரணி, மலையையும் காட்டையும் வயலையும் நெய்தலையும் ஒரே ஓட்டத்தில் தொட்டுவிடுகிறது. ஆற்றுக்குத் தெற்கே செம்மணல் தேரியில் பாலையும் கிடைத்துவிடும். மடைக்காரர், பனையேறி, கோரைப்பாய் நெய்பவர், கொழுந்து பறிப்பவர் என்று ஒவ்வொரு நிலத்திலும் ஆட்கள் நிற்கிறார்கள்.

ஜப்பானியச் சொல்லையே வைத்துக்கொள்ள விரும்புவோரை நாங்கள் தடுக்கவில்லை. அவர்கள் அச்சொல்லோடு அதன் நெல்லையும், பசியையும், தோல் பதனிட்டவரின் ஒதுக்குப்புறத் தெருவையும் சேர்த்துக் கொண்டுவரட்டும். தமிழ்ச் சொல்லை எடுப்போரும் அதே சுமையைச் சுமக்கட்டும். கற்பனை நாடு எழுதும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் கேட்பவை மூன்று கேள்விகள் மட்டுமே. உங்கள் வீரனின் செருப்பைத் தைத்தவர் யார்? அவர் குடியிருக்கும் தெருவுக்கு உங்கள் நாட்டில் என்ன பெயர்? ஆட்டம் தொடங்கும்போது அவரைத் தன் பாத்திரமாக ஒருவர் தேர்ந்துகொள்ள முடியுமா? மூன்றுக்கும் விடை எழுதிய பின்னர், அந்நாட்டின் ஆற்றுக்குத் தமகவா என்று பெயரிட்டாலும் சரி, மணிமுத்தாறு என்று பெயரிட்டாலும் சரி, நாங்கள் மகிழ்ந்து படிப்போம்.